பழைய அணிகலன்களின் காலம் துணிதல்: தல்லாகுளத்துத் தண்டட்டி ஒன்றை முன்வைத்து

மதுரை மாநகர்க்கு வடபால், வையையாற்றைக் கடந்த அளவில் அமைந்தது தல்லாகுளம். சித்திரைத் திருவிழாவில் மலையினின்றும் இறங்கிவரும் கள்ளழகரை நகர மாந்தர் எதிர்கொள்ளும் இடமாகவும், திருவில்லிபுத்தூரினின்றும் கொணரப்பெறும் ஆண்டாள் மாலையை அவர் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் ஏற்று அணியும் இடமாகவும் அதனைப் பலரும் அறிவர். அவ்வூர்த் தெரு ஒன்றில் வாழும், எண்பத்தைந்து அகவை கடந்த மூதாட்டியார் ஒருவர், சென்ற ஆண்டு தம் பேழையினின்றும் ஒற்றைத் தண்டட்டி ஒன்றை எடுத்து எம் கையில் வைத்து, “இது எந்தக் காலத்து உருப்படி, வாத்தியாரய்யா?” என்று வினவினார்.

வினா எளியதன்று, அதன் பின்னே ஒரு வழக்கும் இருந்தது. அத்தண்டட்டி திருமலை நாயக்கர் அரண்மனையினின்றும் தம் முன்னோர்க்குப் பரிசிலாகக் கிடைத்தது என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. திருமலை நாயக்கர் ஆண்ட காலம் 1623 முதல் 1659 வரை ஆகும். செய்தி மெய்யாயின் அணியின் அகவை முந்நூற்றைம்பது ஆண்டிற்கு மேற்படும். இணையாக இருந்த இரண்டனுள் ஒன்று பாகப்பிரிவினையில் வேறொரு கிளைக்குச் சென்று, அங்கே உருக்கப்பட்டுச் சங்கிலியாயிற்று. எஞ்சிய ஒன்றையும் பேத்தி மகளின் திருமணத்திற்கு உருக்கிவிடலாம் என்பது பேரனார் கருத்து. நாயக்கர் காலத்ததாயின் உருக்கலாகாது என்பது மூதாட்டியார் கருத்து. இருவரும் எம் சொல்லை எதிர்நோக்கி நின்றனர். இலக்கியம் கற்பிப்பான் ஒருவன் பொன்னின் காலத்தை எவ்வாறு துணிவான் என்று யாம் தயங்கினோம். எனினும் அணிகளின் பெயரையும் வழக்கையும் நூல்களில் தேடிய பழக்கம் உண்மையின், ஆராயாது விடுக்க மனம் ஒருப்படவில்லை. அவ்வாராய்ச்சியின் போக்கே இக்கட்டுரையாகும்.

முதற்கண் ஒன்றை உணர்தல் வேண்டும். பொன் துருவேறுவதில்லை. மரத்தில் காணும் ஆண்டு வளையங்கள் போன்றதொரு கணக்கு அதனிடத்து இல்லை. நேற்று உருக்கி வார்த்த பொன்னும் ஆயிரம் ஆண்டிற்கு முன் உருக்கி வார்த்த பொன்னும் துடைத்து வைத்தால் ஒரே நிறத்தனவாகத் தோன்றும். இரும்பும் செம்பும் தம் அகவையை மேனியிற் காட்டுவது போலப் பொன் காட்டாது. இன்னும், ஒரு தலைமுறையார் தாலியை அடுத்த தலைமுறையார் உருக்கிக் காப்பாக்குதல் இந்நாட்டு மரபாதலின், பொருளின் பழைமை வேறு, வடிவத்தின் பழைமை வேறு. யாம் துணியக் கூடுவது பெரும்பாலும் பின்னதே.

அணியொன்றின் உண்மையை ஆராய்ந்து துணிதல் என்னும் செயலுக்கு மதுரையே பழம்பெரும் களமாகும். சிலப்பதிகாரத்தில் வழக்கு முழுவதும் ஒரு சிலம்பைப் பற்றியதே. பொற்கொல்லன் புறத்தோற்றத்தின் ஒப்புமையைக் கொண்டு கோவலன் கைச்சிலம்பை அரசியின் சிலம்பு என்றான். மன்னனும் அதனைக் கொண்டே ஆணையிட்டான். பின்னர்க் கண்ணகியின் சிலம்பு உடைக்கப்பட்டபோது உள்ளிருந்த மாணிக்கப் பரலே உண்மையை உணர்த்திற்று. அரசியின் சிலம்பிலோ முத்துப் பரல். புறவடிவு ஒத்திருத்தலாலே இரண்டு அணிகளை ஒன்றெனல் பிழை என்பதும், உள்ளீடே உறுதியான சான்று என்பதும் இன்றைய ஆய்வுக்கூடத்தாரும் ஒப்பும் முறைமைகள். ஆயின் உள்ளீட்டைக் காண உடைக்க நேர்ந்தால் அணி அழியும் என்பதும் அக்கதையிலேயே உளது.

நூல்வழக்கைக் கொண்டு காலம் துணிதல் தமிழாசிரியர்க்கு இயல்பான வழி. மாதவியின் அணிகளை அடியினின்று முடிவரை கடலாடு காதை நிரல்பட உரைக்கின்றது. நூபுரம், பாடகம், சதங்கை, குறங்குசெறி, சூடகம், கடிப்பிணை, தொய்யகம், புல்லகம் எனச் செல்லும் அந்நிரலில் தண்டட்டி இல்லை; பாம்படம் இல்லை; மூக்கணியும் இல்லை. சங்கத் தொகை நூல்களிலும் மூக்கணி காணப்படவில்லை. பழைய சிற்பங்களிலும் அது காணப்படாமையை எடுத்துக்காட்டி, இந்திய நாட்டில் மூக்கணி பிற்காலத்தே புகுந்தது என்று புனேயைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் பி. கே. கோடே 1930களின் இறுதியில் எழுதினார். எனவே மூக்குத்தி ஒன்றைக் காட்டிச் ‘சங்க காலத்தது’ என்பாரிடம் எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

ஆயினும் பெயரை மட்டும் நம்புதல் தீது. அதே கடலாடு காதையில் ‘பரியகம்’ என்னும் ஒரே சொல் ஓரிடத்தில் காலணிகளுடனும் மற்றோரிடத்தில் கையணிகளுடனும் வருகின்றது. உரை காண்பார் ஈரிடத்தும் வெவ்வேறு பொருள் கூற வேண்டியவராகின்றனர். அடியார்க்கு நல்லார் நூலாசிரியர்க்குப் பன்னூற்றாண்டு பிற்பட்டவர். இளங்கோவடிகள் கூறிய அணியைத் தம் காலத்து மக்கள் அணிந்த அணியின் பெயரால் விளக்குதலே அவர்க்கு இயலும். ஆதலின் உரையிற் காணும் பெயர் உரையாசிரியர் காலத்து அணிக்குச் சான்றாகுமேயன்றி, மூலத்தின் காலத்து வடிவிற்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டை மறந்து, உரைப்பெயரைப் பற்றிக்கொண்டு பூம்புகார் மகளிர்க்கு அணி பூட்டிய கட்டுரைகள் சில எம் கண்ணிற் பட்டதுண்டு. இளமையில் யாமே அவ்வாறு ஒன்று எழுதினோம் என்பதையும் மறைத்தற்கில்லை.

சிற்பத்திற்கு வருவோம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே திருமலை நாயக்கர் எடுத்த புதுமண்டபத்தில், விசுவநாத நாயக்கர் முதல் திருமலை நாயக்கர் ஈறாக மன்னர் உருவங்கள் தேவியரோடு தூண்களில் அமைந்துள்ளன. தெய்வ உருவங்கள் சிற்பநூல் விதிப்படி மரபான அணிகளையே பூணுதலின் காலத்தைக் காட்டுவதில் வலியில்லாதன. மாந்தர் உருவங்களோ தத்தம் காலத்து வழக்கைக் காட்டுவன. ஆயினும் ஈண்டும் ஓர் இடர்ப்பாடு உண்டு. விசுவநாதர் பதினாறாம் நூற்றாண்டினர். அவர் உருவம் செதுக்கப்பட்டதோ பதினேழாம் நூற்றாண்டில். அவர் கழுத்திலும் காதிலும் காணும் அணிகள் சிற்பியின் காலத்து அணிகளாதல் கூடும். மண்டபத்தின் காலமே அங்குள்ள அணிகளின் காலமன்றி, உருவத்திற்குரிய மன்னரின் காலம் அன்று. உரையாசிரியரிடம் கண்ட அதே நிலை கல்லிலும் காணப்படுதல் நோக்கத்தக்கது.

வடிவம் நெடுங்காலம் மாறாது நிற்பதற்கு அழகரே சான்றாவார். கள்ளர் திருக்கோலத்தில் அவர் கொண்டையிட்டுக் கடுக்கன் அணிந்து வருகின்றார். இக்கோலத்தைத் தொ. பரமசிவன் அவர்கள் 1989-இல் வெளிவந்த ‘அழகர் கோயில்’ என்னும் ஆய்வு நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆடவர் கடுக்கனணிதல் ஊர்களில் அருகிவிட்டது. ஆண்டுதோறும் வரும் அழகரிடத்தோ அது நிலைபெற்றுள்ளது. ஆகவே ஒரு வடிவம் பழையது என்பதனால் அவ்வடிவில் அமைந்த உருப்படியும் பழையது என்று கொள்ளுதல் பொருந்தாது.

மண்ணினின்றும் அகழ்ந்தெடுக்கப்படும் அணிகளின் நிலை வேறு. ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ என்பார் 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அகழ்ந்து, மெல்லிய பொன் தகட்டாலான நெற்றிப்பட்டங்களைக் கண்டெடுத்தார். அவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. 2022-இல் தொல்லியல் துறையினர் அங்கு மீண்டும் ஒரு பொற்பட்டம் கண்டனர். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீழடியில் 2015 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் பொன்னணித் துண்டுகளும் சூதுபவள மணிகளும் வெளிப்பட்டன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை ஏழு பொன்னணிகளைக் குறிக்கின்றது. அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டுக் கி.மு. 580 என்னும் காலம் பெற்றது. இங்குக் கருதற்பாலது யாதெனின், அளக்கப்பட்டது கரியேயன்றிப் பொன் அன்று என்பது. மண்ணடுக்கின் காலம் அவ்வடுக்கில் கிடந்த பொன்னுக்கு ஏறுகின்றது. பேழையில் வைத்த அணிக்கு மண்ணடுக்கு இல்லை. புதையல் கிடைத்தவுடன் இடத்தைக் குறியாது எடுத்துக்கொண்டு ஓடுவோர், பொன்னை மட்டுமன்றிப் பொன்னின் காலத்தையும் திருடியோராவர்.

மண்ணடுக்கில்லாக் குறையை எழுத்து நிரப்புதல் உண்டு. அதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலினும் சிறந்த சான்று வேண்டா. முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையாரும் தேவியரும் அளித்த அணிகளை அக்கோயிற் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதியுள்ளன. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும் அணிகளைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்தனர். எடை கழஞ்சிலும் மஞ்சாடியிலும் குன்றியிலும் கூறப்படும். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு, 2 குன்றி ஒரு மஞ்சாடி. முத்து என்று பொதுப்படக் கூறி விடாது, வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், கறடு, இரட்டை, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என வகை பிரித்தனர். பொன்னின் தரத்தைத் ‘தண்டவாணி’ என்னும் அளவையினின்றும் எத்துணை மாற்றுக் குறைந்தது என்று கூறினர். இவற்றினும் வியப்பானது, அணியின் மொத்த எடையில் அரக்கும் சரடும் உட்பட்டனவா என்பதையும், படுகண் எத்தனை, கொக்குவாய் எத்தனை என்பதையும் விடாது பொறித்தமையே. படுகண் என்பது வளையம். கொக்குவாய் என்பது அதில் மாட்டும் கொளுவி. இன்று வங்கியில் நகை அடகு பிடிக்கும் மதிப்பீட்டாளர் எழுதும் சீட்டிலும் இத்துணை நுணுக்கம் இல்லை. அப்பட்டியலை ஊல்சு அவர்கள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். ஆயிரம் ஆண்டிற்கு முற்பட்ட அவ்வணிகள் இன்று நம் முன் இல்லை, சொற்களே எஞ்சின. நம் வீட்டுப் பேழைகளிலோ அணி உளது, சொல் இல்லை.

அளித்தவர் பெயரால் காலம் தெளியும் அணியும் மதுரையில் உண்டு. 1812 முதல் 1828 வரை மதுரை ஆட்சித் தலைவராயிருந்த ரௌசு பீட்டர், மக்களால் ‘பீட்டர் பாண்டியன்’ எனப்பட்டவர், மீனாட்சியம்மனுக்குக் கல்லிழைத்த பொன் அங்கவடிகள் அளித்தார். குதிரை ஊர்தியில் அம்மன் உலா வருங்கால் அவை பயன்படுவன. பதவிக்காலம் அறியப்பட்டதாதலின் அணியின் காலமும் பதினாறு ஆண்டு எல்லைக்குள் அடங்கிற்று. இத்தகைய வாய்ப்பு குடியானவர் வீட்டு அணிக்கு எளிதிற் கிட்டாது.

எழுத்தும் இல்லையாயின் அணியின் உறுப்புகளையே வினவ வேண்டும். ஓர் அணி தன்னுள் இருக்கும் மிகப் புதிய உறுப்பினும் முற்பட்டு இன்றைய வடிவம் பெற்றிருத்தல் இயலாது. காசுமாலையில் இது வெளிப்படை. விக்டோரியா அரசியின் இளமை முகம் பொறித்த சவரன்கள் 1838 முதலும், பொன்விழா முகம் 1887 முதலும், முக்காடிட்ட முதுமை முகம் 1893 முதலும் வந்தன. ஏழாம் எட்வர்டு 1902 முதல், ஐந்தாம் சார்சு 1911 முதல். பம்பாயிலேயே அச்சிட்ட சவரன்கள் 1918-ஆம் ஆண்டின. மாலையில் நாற்பது காசு விக்டோரியாவாக இருந்து ஒரு காசு 1911-ஆயின், மாலை கோக்கப்பட்டது 1911-க்குப் பின்னரே. அல்லது அவ்வொரு காசு பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அச்சுக் காசைப் பார்த்துப் பொற்கொல்லர் தாமே அடித்த போலிக் காசுகளிலும் பழைய ஆண்டு காணப்படும். அதனை நம்புதல் ஆகாது.

கற்களும் பேசும். செயற்கை மாணிக்கத்தைத் தீச்சுடரில் உருக்கி வளர்க்கும் முறையைப் பாரிசு நகரத்து வெர்னாய் 1902-இல் வெளியிட்டார். உருப்பெருக்கியில் அக்கல்லினுள் வளைந்த கோடுகள் தோன்றும். மண்ணிற் பிறந்த கல்லில் அவ்வாறு தோன்றா. பாட்டனார் காலத்துக் கெம்பு அட்டிகையில் வளைகோடு காணின், அக்கல் செயற்கையானது என்பதில் ஐயமில்லை. செட்டிநாட்டாரும் மதுரையாரும் பெரிதும் விரும்பிய ‘புளூ சாகர்’ வைரம் தென்னாப்பிரிக்காவின் சாகர்சுபாண்டேன் சுரங்கத்தால் பெயர் பெற்றது. அங்கு வைரம் கண்டது 1870-இல். எனவே அப்பெயர் பெற்ற கல் பதித்த தோடு கும்பினியார் ஆட்சிக்காலத்தது ஆகமாட்டாது. வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தது 1920-ஐ ஒட்டி. ஊடுகதிரில் அதன் உட்கரு தெரியும். கொற்கை முத்து என்று விற்கப்படுவனவற்றுள் எத்தனை உட்கரு உடையன என்பதைப் பார்த்தால் பாண்டியர் பெருமை என்னாம் என்று எண்ண வேண்டியிருக்கின்றது.

சட்டமும் அணியின்மேல் தன் சுவட்டைப் பதித்துள்ளது. 1963 சனவரியில் வந்த பொற்கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டிற்கு மேற்பட்ட பொன்னில் புதிய அணி செய்தலைத் தடுத்தன. அத்தடை 1966-இல் நீக்கப்பட்டது. பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்து பட்ட துன்பத்தை நம் முந்தைய தலைமுறையார் அறிவர். பொன்னின் மாற்றுக்கு எப்போதும் பெயர்பெற்ற இந்நாட்டில் 14 காரட் உருப்படி ஒன்று கிடைப்பின் அம்மூன்றாண்டு இடைவெளியை நினைத்துப் பார்க்கலாம். இந்தியத் தர நிறுவனத்தின் ஹால்மார்க் முத்திரை 2000-இல் தொடங்கியது. ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளம் 2021-இல் வந்தது. எதிர்காலத்து ஆராய்ச்சியாளர்க்கு இவ்வளவு இடர் இராது.

பற்றாசு எல்லாவற்றினும் நுட்பமான சான்று. பொன் உறுப்புகளை ஒட்டப் பழைய பொற்கொல்லர் பொன்னொடு வெள்ளியும் செம்பும் கலந்த பற்றாசை வெங்காரத்துடன் ஊதுகுழலால் உருக்கினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்மியம் கலந்த பற்றாசு பரவியது; கடைகளில் ‘கே.டி.எம்.’ என்று கூறப்பட்டது அதுவே. காட்மியம் தனி உலோகமாக அறியப்பட்டதே 1817-இல் தான். அதன் புகை வேலை செய்வார்க்குத் தீங்கு பயக்கும் என்பது பிற்பாடு அறியப்பட்டது. ஊடுகதிர் ஒளிர்வுக் கருவி ஒட்டிடத்தில் காட்மியத்தைக் காட்டுமாயின், அவ்விடம் நம் காலத்திற்கு அண்மையில் வேலை செய்யப்பட்டது என்க. ஒரு கருத்தையும் உடன் கூறல் வேண்டும்: அக்கருவி மேற்பரப்பையே அளப்பது. நிறம் ஏற்றும்போது மேற்பரப்பிலுள்ள செம்பு நீங்கிப் பொன் மிகுதலின், அது காட்டும் மாற்று உள்ளிருப்பதினும் உயர்ந்திருக்கலாம். கட்டளைக்கல்லில் உரைத்துக் காணும் பழைய பொற்கொல்லர் முதலில் சிறிது அராவி விட்டே உரைப்பர். காரணம் அறிந்தே செய்தனர்.

இனி எம் முன் இருந்த தண்டட்டிக்கு வருவோம். தண்டொட்டி எனவும் வழங்கும் இவ்வணி மதுரைச் சுற்றுப்புறத்து ஊர்களில் வளர்த்த காதில் அணியப்பட்டது. இளமையிலேயே காதைத் துளைத்து, ஓலைச்சுருள் முதலியன செருகித் துளையைப் பெருக்கி, தோளைத் தொடுமளவு நீட்டிய பின்னரே இது பூணப்படும். மெல்லிய பொற்றகட்டைக் கூடுபோல் மடித்து உள்ளே அரக்கு நிரப்பிக் குண்டுகளும் தட்டுகளும் ஒட்டிச் செய்வது. ஆதலின் தோற்றத்தில் பெரிது, பொன்னளவில் சிறிது. உருக்கும்போது அரக்கு எரிந்து போகும். வாங்குவோர் அதற்கெனக் கழிவு பிடிப்பர். மூதாட்டியாருடைய காதுகள் அவர்தம் நாற்பதாம் அகவையளவில் அறுத்துத் தைக்கப்பட்டன. “நாகரிகம் வந்துருச்சு” என்று மக்கள் வற்புறுத்தினராம். தையலின் தழும்பு இன்றும் உளது. அன்று முதல் தண்டட்டி பேழைக்குள் புகுந்தது.

அரக்கு உயிர்ப்பொருளாதலின் அதில் கரிமக் கணக்கு இயலுமே என்று கருதினோம். ஓரிரு மில்லிகிராம் அளவே போதும் என்பதும் உண்மை. ஆயின் ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையுள்ள காலத்தில் கரிமக் கணக்கின் திருத்தக் கோடு மேலும் கீழும் அலைந்து செல்லுதலின், அக்காலத்துப் பொருள் ஒன்றிற்கு முந்நூறு ஆண்டுக்குள் பல விடைகள் ஒருங்கே கிடைக்கும். நாயக்கர் காலமா, விக்டோரியா காலமா என்னும் எம் வினாவிற்கு அது விடை கூறாது. பொன்னினுள் அணுவளவாக உள்ள யுரேனியமும் தோரியமும் சிதைந்து தரும் ஹீலியத்தை அளக்கும் முறை ஒன்று மேனாட்டில் பழம்பொற்பொருள்களில் முயலப்பட்டது. அதற்கும் பொன்னில் ஒரு பகுதியை உருக்கியாக வேண்டும். உருக்காமல் காப்பதற்கன்றோ ஆராய்கின்றோம்!

ஆகவே கண்ணையும் துலாக்கோலையும் ஒளிர்வுக் கருவியையுமே நம்பினோம். நகரத்து மாற்றறியும் நிலையம் ஒன்றில் பார்த்தபோது, தண்டட்டியின் திருகாணியைச் சுற்றியுள்ள ஒட்டிடத்தில் காட்மியம் காணப்பட்டது. ஏனைய ஒட்டிடங்களில் காணப்படவில்லை. திருகு பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று கூறினோம். மூதாட்டியார் உடனே, தம் மூத்த மகன் பள்ளியிறுதி தேறிய ஆண்டில் திருகு அறுந்து செப்பனிட்டதை நினைவுகூர்ந்தார். எனவே திருகைக் கண்டு அணியைப் புதியது எனலும் தவறாயிருக்கும். உடற்பகுதி அதனினும் பழையது என்ற அளவில் நின்றோம். எத்துணைப் பழையது?

விடை அணியில் இல்லை. தகரப்பெட்டி ஒன்றில் நிலவரி இரசீதுகளோடு மடிந்து கிடந்தது. அது ஓர் அடகுச் சீட்டு. மூதாட்டியாருடைய கணவரின் பாட்டனார், ‘தாயார் தண்டட்டி சோடி 1’ என்றும், அதன் எடை வராகனெடை 14 என்றும், ‘ஒன்றில் குண்டு நசுங்கல்’ என்றும் எழுதி ஈடுவைத்துக் கடன் பெற்றுள்ளார். மறுபுறம் மீட்ட குறிப்பும் உளது. நாள், சர்வதாரி வருடம் ஆவணி மாதம். அறுபதாண்டுச் சுழற்சியில் வரும் பெயராதலின் சர்வதாரி 1888-இலும் உண்டு, 1948-இலும் உண்டு. அதற்கு முன் 1828-இலும் உண்டு. தமிழாண்டு மட்டும் எழுதிய ஓலைகளாலும் சீட்டுகளாலும் வரலாற்றாசிரியர் அறுபதாண்டு முன்பின்னாக இடறி விழுதல் புதிதன்று. இங்கு நல்லூழாக ஓரணா முத்திரைத்தலை ஒட்டப்பட்டிருந்தது. அதில் விக்டோரியா அரசியின் முகம். 1828-இல் அவர் அரசியல்லர். 1948-இல் நாடு விடுதலை பெற்றுவிட்டது. எனவே ஆண்டு 1888 என்பது ஐயமறத் துணியப்பட்டது.

சீட்டிற் கூறிய தண்டட்டி இதுதானா என்பது அடுத்த வினா. எஞ்சிய ஒன்றன் எடை 23.4 கிராம், இணைக்கு 46.8 எனக் கொள்ளலாம். வராகன் நாணயம் ஏறத்தாழ 3.4 கிராம், பதினான்கிற்கு 47.6. நூறாண்டுத் தேய்வும் திருகு மாற்றமும் கருதின் இவ்வேறுபாடு சிறிதே. எனினும் வராகனெடை இடந்தோறும் தொழில்தோறும் சிறிது வேறுபட்ட அளவாதலின், எடையொப்புமை ஒன்றையே யாம் பெரிதாகக் கொள்ளவில்லை. மற்றொன்றும் உருக்கப்படாதிருந்தால் கணக்கு இன்னும் உறுதிப்பட்டிருக்கும். எம்மை உறுதிப்படுத்தியது நசுங்கிய குண்டே. எஞ்சிய தண்டட்டியின் அடித்தட்டை ஒட்டிய குண்டு ஒன்று நசுங்கியுள்ளது. நசுங்கிய குழியின் விளிம்பும் ஏனைப் பரப்பைப் போன்றே தேய்ந்து மழுங்கியிருத்தலின் அது அண்மையில் நேர்ந்ததன்று. ஈடு பிடித்தவன் பின்னாளில் தன்மேற் பழி வாராதிருத்தற் பொருட்டு எழுதிய ஒரு குற்றம், நூற்றாண்டு கழித்து அணியை அடையாளங் காட்டிற்று.

எனவே 1888-இல் இத்தண்டட்டி இருந்தது. அப்போதே ஒரு குண்டு நசுங்கும் அளவு பழகியிருந்தது. அப்போதே ‘தாயார் தண்டட்டி’ எனப்பட்டது. ஈடு வைத்தவர் குடும்பத் தலைவராய்க் கையெழுத்திட்டவர். அவர் அகவையை முப்பதிற்குக் குறையாது கொண்டால், தாயார் மணம் பதினெட்டு நூற்றைம்பதுகளிலோ சற்று முன்னரோ நிகழ்ந்திருத்தல் வேண்டும். அவ்வம்மையார் அதனைத் தம் தாயாரிடமிருந்து பெற்றிருத்தலும் கூடாததன்று. ஆயினும் அதற்குச் சான்றில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியினும் முற்படக் கொண்டுசெல்ல யாதொரு தடயமும் அணியிலோ சீட்டிலோ காணப்படவில்லை. திருமலை நாயக்கர் காலத்திற்கும் இதற்கும் இடையே இருநூறு ஆண்டு வெற்றிடமாக நிற்கின்றது.

நாயக்கர் பரிசில் என்னும் செய்தி எங்ஙனம் எழுந்தது என்பதையும் எண்ணினோம். மதுரை வட்டாரத்தில் காலம் அறியாத எதனையும் திருமலை நாயக்கர் தலையில் ஏற்றுதல் பழகிப்போன வழக்கு. குளமாயினும் மண்டபமாயினும் மரமாயினும் அவரே செய்தார். இரண்டு மூன்று தலைமுறைக்கு அப்பாற்பட்டதனைக் குறிக்க மக்களிடம் உள்ள சொல் ‘நாயக்கர் காலம்’ என்பதே போலும். அச்செய்தியைப் பொய் எனத் தள்ளுவதினும், ‘எங்கள் நினைவிற்கு எட்டாத காலம்’ என்று மொழிபெயர்த்துக் கொள்ளுதல் தகும்.

இவற்றையெல்லாம் மூதாட்டியாரிடம் எடுத்துரைக்கச் சென்றபோது எமக்கு உள்ளூர அச்சம் இருந்தது. நாயக்கர் இல்லை என்று கேட்டால் அணியை விட்டுவிடுவாரோ என்று அஞ்சினோம். அவர் விரல்விட்டு எண்ணலானார். ஈடு வைத்தவரின் தாயார், அவர் மருமகள், அம்மருமகளின் மருமகள், அதாவது தம் மாமியார், பிறகு தாம். நான்கு பெண்கள், நான்கு இணைக் காதுகள். “நாயக்கர் குடுக்கலேன்னா போகட்டும். அந்த ஆத்தா பேரு என்னன்னு சீட்டுல இருக்கா?” என்று கேட்டார். சீட்டில் ‘தாயார்’ என்று மட்டுமே இருந்தது.

அடகுச் சீட்டைப் படமெடுத்துக்கொண்டு, எடையையும் அளவையும் காட்மியம் கண்ட இடத்தையும் ஒரு தாளில் எழுதி, மூன்றையும் ஒரே துணியில் முடிந்து பேழையில் வைத்துத் தந்தோம். திருமணம் வரும் தையில். பேரனார் இன்னும் முடிவு கூறவில்லை.